கேமராவுக்கு முன்னால் காற்றைப் பாருங்கள்

பறவைப் படம் எடுக்கிறேன் என்று யாரிடமாவது சொன்னால் முதலில் வரும் கேள்வி, "என்ன கேமரா வெச்சிருக்கீங்க?" அடுத்தது, "லென்ஸ் எவ்வளவு ஆச்சு?" தொகையைச் சொன்னதும் கேட்டவர் முகம் மாறிவிடும். இதெல்லாம் நமக்குச் சரிப்படாது என்று டீயை மடக்கென்று குடித்துவிட்டு எழுந்துவிடுவார். நீங்கள் எழ வேண்டாம், இன்னொரு டீ சொல்கிறேன். பிறகு கேமராவுக்கு வருவோம்.

முதலில் இடம். வேடந்தாங்கலுக்கோ கூந்தன்குளத்துக்கோ வருடத்துக்கு ஒரு தடவை போய்வருவதில் தப்பில்லை. ஆனால் பறவையோடு பழகிக்கொள்ள அது போதாது. நினைத்தபோது பஸ் ஏறிப் போய், பத்து மணிக்குள் வீடு திரும்பக்கூடிய இடம் வேண்டும். தென்சென்னைக்காரர்களுக்கு அப்படி வாய்த்தது பள்ளிக்கரணை. வேளச்சேரி, பெருங்குடி, துரைப்பாக்கம், மேடவாக்கம் என்று நாலாபக்கமும் ஊர் நெருக்க, நடுவில் மிஞ்சி நிற்கும் சதுப்பு நிலம். சுற்றுவட்டார ஏரிகளின் உபரிநீர் இங்கே வந்து தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது. 2007-இல் இதன் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் சுமார் 1,248 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறியது. பட்டியலில் ஏறியதால் பக்கத்திலிருக்கும் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு நகர்ந்துவிடவில்லை. குறுக்கே போகும் பல்லாவரம்-துரைப்பாக்கம் இருநூறடிச் சாலையில் லாரி குறைந்துவிடவும் இல்லை. இத்தனைக்கும் நடுவில் பறவை வருகிறது என்பதுதான் விஷயம்.

அங்கே போய் நின்றதும் புதிதாக வருபவர்கள் செய்வது, கண்ணில் பட்டதையெல்லாம் சுடுவது. அரை மணி நேரத்தில் முந்நூறு படம். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி: தூரத்தில் ஒரு பறவை, சும்மா நிற்கிறது. இரண்டு வாரம் இப்படிப் போனால் சலித்துவிடும், கேமரா பீரோவுக்குப் போய்விடும். இதில் சந்தோஷம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், என் அனுபவத்தில் ஒரே ஒரு கேள்வியில் இருக்கிறது: இந்தப் பறவை அடுத்து என்ன செய்யப்போகிறது? மனதுக்குள் ஒரு ஊகம் போட்டுவிட்டுக் காத்திருக்கிறீர்கள். ஊகித்தபடியே அது செய்கிறது. அந்த நொடியில் விரல் அழுந்துகிறது. படம் உங்கள் ஊகத்துக்கு அத்தாட்சி, அவ்வளவுதான். ஊகம் தவறினாலும் நஷ்டமில்லை. பறவையைப் பற்றிப் புதிதாக ஒன்று தெரிந்துகொண்டிருப்பீர்கள்.

ஊகிக்கத் தெரிய வேண்டுமென்றால் முதலில் தண்ணீரைப் பாருங்கள். எந்த அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது என்பதுதான் அன்றைக்கு யார் வருவார்கள் என்பதைத் தீர்மானிக்கிறது. வடகிழக்குப் பருவமழை கொட்டி முடித்த டிசம்பரில் ஏரி போல விரிந்து கிடக்கும். அப்போது நீந்துகிற கூட்டத்தின் ராஜ்ஜியம்: புள்ளிமூக்கு வாத்து, வலசை வரும் ஊசிவால் வாத்து, நாமக்கோழி, முக்குளிப்பான். தை, மாசியில் தண்ணீர் இறங்க இறங்க, சேறு வெளியே தெரியத் தெரிய, காலால் நடந்து மேய்கிறவர்கள் வருவார்கள். நெடுங்கால் உள்ளான் ஆழத்தில் இறங்கும், சின்ன உள்ளான்கள் விளிம்பிலேயே நின்றுகொள்ளும். காலின் நீளத்துக்குத் தக்க ஆழம். பூநாரைக்கும் ஆழமில்லாத தண்ணீர்தான் பிடிக்கும். அலகைக் கவிழ்த்துச் சேற்றை அலசித் தின்கிற பறவை அது. ஆகவே, "பூநாரை வந்தாச்சா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்பதற்கு முன் தண்ணீர் எங்கே இறங்கியிருக்கிறது என்று ஒரு நடை பார்த்துவிடலாம்.

அடுத்து, ஒரு பறவையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அரிய பறவையாக இருக்க வேண்டியதில்லை. நான் யாருக்குச் சொன்னாலும் நீலத்தாழைக்கோழியிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன். சம்பங்கோரைக்கு நடுவே நீலமும் ஊதாவுமாக, சிவந்த அலகும் சிவந்த நெற்றிப் பட்டையுமாக, கோழி அளவில் திரியும். எல்லா மாதமும் இருக்கும், ஆளைக் கண்டு அலறாது. பத்து நிமிடம் கண்ணை எடுக்காமல் பாருங்கள். கோரைத் தண்டு ஒன்றை அலகால் கவ்வி இழுக்கும். பிடுங்கியதை அப்படியே தின்னாது. ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலின் நீண்ட விரல்களால் தண்டைச் சுற்றிப் பிடித்துத் தூக்கி, அடித்தண்டின் வெள்ளையான மெத்தென்ற பாகத்தை மட்டும் கடித்துத் தின்றுவிட்டு மிச்சத்தைப் போட்டுவிடும். பிறகு இரண்டடி நடக்கும், வாலை வெட்டி வெட்டி ஆட்டும். வாலடியில் ஒரு வெள்ளை பளிச்சென்று மின்னும். மறுபடி ஒரு தண்டு. இந்த வரிசை பிடிபட்டுவிட்டால் அலகு தண்டைக் கவ்வும்போதே உங்களுக்குத் தெரியும்: இன்னும் மூன்று நொடியில் கால் மேலே வரும். கோரையைக் கையில் பிடித்த தாழைக்கோழியின் படம் கிடைத்துவிடும். முந்நூறு படம் எடுத்தவருக்கு அது கிடைத்திருக்காது.

பாம்புத்தாராவும் இப்படித்தான். நீந்தும்போது உடம்பு தண்ணீருக்குள், கழுத்து மட்டும் வெளியே. மூழ்கிவிட்டால் எங்கே எழும் என்று சொல்ல முடியாது. அதைத் துரத்த வேண்டாம். மீனோடு எழுந்தது என்றால் மட்டும் தயாராகிவிடுங்கள். மீன் அலகில் குத்தப்பட்டு இருக்கும், அப்படியே விழுங்க முடியாது. உதறி, மேலே தூக்கிப் போட்டு, தலைப்பக்கம் முதலில் வரும்படி பிடித்தால்தான் செதிலும் முள்ளும் தொண்டையில் சிக்காது. தூக்கிப் போடுகிற அந்த நொடி கட்டாயம் வரும். தின்று முடித்ததும் ஒரு பட்ட கிளையில் ஏறிச் சிறகை விரித்து உலர்த்தும், அதன் இறகு நனைந்து ஊறுகிற வகை என்பதால். அந்தச் சிறகு விரித்த படத்தை எல்லோரும் எடுக்கிறார்கள். எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மீன் காற்றில் இருக்கும் படம் வேறு.

வெண்மார்பு மீன்கொத்தி மீனைப் பிடித்த பிறகு பெரும்பாலும் புறப்பட்ட கொம்புக்கே திரும்பி வரும். அதனால் பறவையை விட்டுவிட்டுக் காலியான கொம்பில் ஃபோகஸ் வைத்துக் காத்திருக்கலாம். பார்க்கிறவர்கள் ஒன்றுமில்லாத குச்சியைப் படமெடுக்கிறான் என்று நினைப்பார்கள். நினைக்கட்டும்.

இப்போது காற்று. இதைத்தான் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, கேமரா விற்பவர்கள் நிச்சயமாகச் சொல்வதில்லை. பறவை எழும்பும்போதும் இறங்கும்போதும் காற்றை எதிர்த்தே போகும். எதிர்க்காற்று இருந்தால் குறைந்த வேகத்திலேயே தூக்குவிசை கிடைத்துவிடும் என்பதால். விமானம் எதிர்க்காற்றில் ஓடி ஏறுவதும் அதே காரணத்தால்தான். அப்படியானால் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரிந்தால் பறவை எந்தப் பக்கம் கிளம்பும் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். இதோடு சூரியனைச் சேர்த்துப் பாருங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை சென்னையில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து. காலையில் சூரியனும் கிழக்குப் பக்கம். நீங்கள் வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு மேற்கே பார்த்து நின்றால், எழும் பறவை காற்றை எதிர்த்து உங்கள் பக்கமாக வரும், முகத்தில் வெயிலோடு. இதைவிட ஒருவருக்கு என்ன வேண்டும்? கோடையில் கதை மாறிவிடும். அதிகாலையில் தரைக்காற்று மேற்கிலிருந்து வீசும். அதே இடத்தில் அதே மாதிரி நின்றால் பறவை முதுகைக் காட்டிக்கொண்டு போகும். பகல் ஏற ஏறக் கடற்காற்று கிழக்கிலிருந்து எழும்பும், உண்மைதான்; ஆனால் அதற்குள் வெயில் உச்சிக்கு வந்து, தண்ணீருக்கு மேல் கானல் நெளிய ஆரம்பித்திருக்கும். கானலில் எடுத்த படத்தை எந்த விலை லென்ஸும் காப்பாற்றாது. நீளமான லென்ஸில் இன்னும் மோசமாகத் தெரியும். பனிக்காலக் காலை நேரத்தை இந்த ஊர்ப் படக்காரர்கள் ஏன் விடமாட்டார்கள் என்றால், குளிர் ஒரு காரணம், காற்றும் வெயிலும் ஒரே பக்கத்திலிருந்து வருவது பெரிய காரணம்.

எப்போது கிளம்பும் என்பதற்கும் அடையாளம் உண்டு. நாரையோ கொக்கோ கழுத்தை நீட்டி, உடம்பை முன்னால் சாய்த்து, முழங்காலைத் தாழ்த்தினால் விரல் பொத்தான் மேல் இருக்க வேண்டும். பல பறவைகள் பறப்பதற்குச் சற்று முன் எச்சமிடும். அழகான அறிகுறி என்று சொல்லமாட்டேன், ஆனால் நம்பத்தக்கது.

வெளிச்சத்தில் ஒரு சிக்கல் மட்டும் எல்லோரையும் படுத்துகிறது. கறுத்த தண்ணீர், நடுவில் வெள்ளைக் கொக்கு. படத்தில் கொக்கு வெறும் சுண்ணாம்புத் திட்டாக, இறகு ஒன்றுகூடத் தெரியாமல் வரும். கேமரா பழுதில்லை. அது பந்தியில் எல்லா இலைக்கும் ஒரே கரண்டி பரிமாறுகிறவர் மாதிரி: படம் முழுவதையும் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பலுக்குக் கொண்டுவரப் பார்க்கும். தண்ணீர் இருட்டாக இருப்பதால் வெளிச்சத்தைக் கூட்டுகிறது, கூட்டியதில் வெள்ளை வெந்துபோகிறது. எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்தால் இறகு ஒவ்வொன்றாகத் திரும்ப வரும். வெளிறிய வானத்துக்கு எதிரே பறக்கும் நீர்க்காகத்துக்கு நேர்மாறாக ஒரு படி கூட்ட வேண்டும். மற்றபடி நிற்கும் பறவைக்கு ஷட்டர் 500-இல் ஒரு பங்கு நொடி, பறக்கிறதற்கு 2000-இல் ஒரு பங்கு. ஐ.எஸ்.ஓ. எவ்வளவு ஏறினாலும் கவலைப்படாதீர்கள். புள்ளி புள்ளியாக இருக்கும் படத்தைச் சரிசெய்ய மென்பொருள் இருக்கிறது, கலங்கிய படத்துக்கு அவ்வளவு சுலபமான மருந்து இல்லை.

கொக்கு என்றதும் இன்னொன்று. பள்ளிக்கரணையில் வெள்ளையாக நிற்பதெல்லாம் ஒரே கொக்கு என்று நாம் பார்த்துப் பழகிவிட்டோம். சின்னக் கொக்கைச் சுலபமாகப் பிரித்துவிடலாம்: கறுத்த அலகு, கறுத்த கால், பாதம் மட்டும் மஞ்சள். சேற்றிலிருந்து காலைத் தூக்கும்போது அந்த மஞ்சள் தெரியும். தகராறு பெரிய கொக்குக்கும் நடுத்தரக் கொக்குக்கும் இடையில்தான். இரண்டுக்கும் மஞ்சள் அலகு, இரண்டுக்கும் கறுத்த கால், தனியாக நின்றால் உயரம் கண்ணை ஏமாற்றும். படத்தைப் பெரிதாக்கி வாயோரத்தைப் பாருங்கள். அலகு பிளக்கும் இடத்திலிருந்து பின்னோக்கி ஒரு மெல்லிய கோடு ஓடும். கண்ணுக்குக் கீழேயே அது நின்றுவிட்டால் நடுத்தரக் கொக்கு. கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு. வெறும் கண்ணுக்கு நாற்பதடி தூரத்தில் இது தெரியவே தெரியாது. படத்தில் தெரிகிறது. நத்தைகுத்தி நாரையிலும் இப்படி ஒன்று உண்டு: அலகின் நடுவே இருக்கும் அந்தப் பிரசித்தி பெற்ற இடைவெளி இளம் பறவைக்கு இருக்காது, வளர வளரத்தான் விழும். அலகு ஒட்டியிருக்கும் நாரையைப் படத்தில் கண்டால் அது இந்தப் பருவத்துக் குஞ்சு என்று வயதையே சொல்லிவிடலாம். எனக்கு இந்த வேலையில் பிடித்த பகுதி, வீட்டில் உட்கார்ந்து டீயோடு இதைப் பார்ப்பதுதான்.

கிட்டப் போவது பற்றி. போகாதீர்கள். நடைபாதையில் வேகநடை போகிறவர்களைப் பறவை பொருட்படுத்துவதில்லை. சட்டென்று நின்று, கையை நீட்டி, "அதோ அதோ" என்கிறவரைப் பார்த்துத்தான் மிரளும். ஓரிடத்தில் கீழே உட்கார்ந்துவிடுங்கள். கால் மணி நேரத்தில் நீங்கள் அந்த இடத்தின் சாமான்களில் ஒன்றாகிவிடுவீர்கள், பறவை தானாக மேய்ந்துகொண்டு வரும். உட்காருவதில் இன்னொரு லாபம்: பறவையின் கண் மட்டத்துக்கு லென்ஸ் இறங்கிவிடும். மேலிருந்து எடுத்த வாத்தின் படத்தையும் அதன் உயரத்திலிருந்தே எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. சாலையோரக் கம்பிவேலி மறித்தால் லென்ஸை வேலியை ஒட்டி வைத்து, அபர்ச்சரை முழுக்கத் திறந்து எடுங்கள். கம்பி கரைந்து காணாமல் போய்விடும்.

இதில் ஒரு விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். செல்போனில் பறவைக் குரலைப் போட்டு அழைப்பது, கூட்டுக்கு மேல் ட்ரோன் விடுவது, முட்டை தெரிய வேண்டுமென்று இலையை விலக்குவது, இதெல்லாம் படமெடுப்பதில் சேராது. ஆட்காட்டியும் நெடுங்கால் உள்ளானும் தரையிலேயே முட்டையிடும். ஆட்காட்டி உங்கள் தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றினால் முட்டை பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம், வந்த வழியே திரும்பிவிடுங்கள். நீங்கள் நின்று படமெடுக்கும் ஐந்து நிமிடமும் தாய் முட்டையை விட்டு எழுந்து நிற்கிறது. வெயிலில் முட்டை காய்கிறது, பக்கத்துக் கம்பத்தில் காக்கை பார்த்துக்கொண்டிருக்கிறது.

படத்தில் பின்னால் கட்டடம் வந்துவிடுகிறதே என்று நிறையப் பேர் குறைப்படுகிறார்கள். ஐ.டி. கோபுரத்தையும் குப்பை மேட்டையும் வெட்டி எறிந்துவிட்டு, பறவை ஏதோ ஆளில்லாத தீவில் நிற்பதுபோலக் காட்டுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கண்ணாடிக் கட்டடத்துக்கு முன்னால் கூழைக்கடா இறங்குகிற படம்தான் பள்ளிக்கரணை. இருபது வருடம் கழித்து எடுத்துப் பார்க்கிறவருக்கு அந்தக் கட்டடமும் ஒரு தகவல். மா. கிருஷ்ணன் (1912–1996) நினைவுக்கு வருகிறார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், சென்னைவாசி, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய இயற்கையியலாளர். 1950-இல் 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் தொடங்கிய பத்தியை இறக்கும்வரை எழுதினார். அவர் எடுத்ததெல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள். வெவ்வேறு கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கேமராவை அமைத்துக்கொண்டு, அதற்குச் 'சூப்பர் பாண்டெரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்திருந்தார். விலங்கைப் பார்த்துப் பார்த்து எழுதியவர் எடுத்த படங்கள் என்பது அவற்றைப் பார்த்தாலே தெரியும்.

அது கேமராவில் கொண்டு விடுகிறது. இப்போதைக்கு வாங்காதீர்கள். எட்டு மடங்கு பைனாகுலர் ஒன்றோடு ஒரு பருவம் போய்வாருங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் இரண்டு வழி. ஒன்று, லென்ஸ் மாற்றத் தேவையில்லாத நீள்ஜூம் கேமரா. நிகான் பி950 போன்றதில் 83 மடங்கு ஜூம் உண்டு, தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் போகலாம். அதன் சென்சார் சின்னது, ஆகவே விடியற்காலை இருட்டிலும் பறக்கும் பறவையிலும் திணறும். இரண்டாவது, பழைய டி.எஸ்.எல்.ஆர். ஒன்றும் 300 அல்லது 400 மி.மீ. வரை போகும் லென்ஸும், செகண்ட் ஹேண்டில். 150–600 லென்ஸ்களும் கிடைக்கின்றன, ஆனால் இரண்டு கிலோவைத் தூக்கிக்கொண்டு நடக்க மனம் இருக்கிறதா என்று முதலில் கடையிலேயே கையில் வாங்கிப் பாருங்கள். பாதிப் பேர் எடைக்குப் பயந்துதான் வீட்டில் விட்டுவிட்டு வருகிறார்கள்.

எடுத்த படங்களை என்ன செய்வது? பத்துக்கு ஒன்பதை அழித்துவிடுங்கள். மிச்சத்தில் தேதியும் இடமும் எழுதி இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றிவிட்டால் அது பதிவாகிவிடும். ஊசிவால் வாத்து எந்த வாரம் வந்தது, எப்போது கிளம்பியது என்பதெல்லாம் இப்படிச் சாதாரண ஆட்கள் ஏற்றிய குறிப்புகளிலிருந்துதான் தெரியவருகிறது; அடையாளத்தில் சந்தேகம் வந்தால் படம் சாட்சிக்கு நிற்கும். 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. யாரும் சேரலாம், கட்டணம் கிடையாது, கால் மணி நேரம் ஓரிடத்தில் நின்று பார்த்ததை எண்ணிப் போட்டால் போதும். தெரியாத பறவை என்றால் படமெடுத்து வைத்துக்கொண்டு பிறகு கேட்டுக்கொள்ளலாம். முக்குளிப்பானை எண்ணும்போது மட்டும் இரண்டு தடவை எண்ணுங்கள். எந்த நேரத்திலும் சிலது தண்ணீருக்கு அடியில் இருக்கும்.